ஓணான் முட்டைக்குள்ளும் ஒரு பனிக்குடம்: ஊர்வன தண்ணீரை விட்டுக் கரையேறியது எப்படி?

ஏப்ரல் மாதம், காலை பத்து மணி. கிருஷ்ணகிரி பக்கத்துக் குன்றுகளில் பாறை இப்போதே தோசைக்கல் மாதிரி சூடாகிவிட்டது. அதன் உச்சியில் ஒரு பாறை ஓணான் உட்கார்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அது பற்றி அந்த ஓணானுக்குக் கவலையும் கிடையாது.

அதே குன்றின் அடிவாரத்தில் ஒரு தவளையைத் தேடிப் பாருங்கள். கிடைக்காது. மண்ணுக்குள்ளோ, ஈரமான ஏதோ ஒரு பொந்துக்குள்ளோ பதுங்கி மழைக்காகக் காத்திருக்கும். முதல் நல்ல மழை விழுந்த இரவில்தான் ஓசூர் ராமநாயக்கன் ஏரிப் பக்கமும் ஊர்க் குட்டைகளிலும் அதன் சத்தம் கேட்கும்.

ஓணானுக்கும் நான்கு கால், தவளைக்கும் நான்கு கால். இரண்டுமே நுரையீரலால் மூச்சு விடுகின்றன. பிறகு ஏன் ஒன்று வெயிலில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது, இன்னொன்று மழைக்குக் காத்துக் கிடக்கிறது? இதற்கான விடை 30 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அந்த விடை நம் ஒவ்வொருவரின் பிறப்போடும் சம்பந்தப்பட்டது.

கிருஷ்ணகிரி பாறையில் ஏன் தேட முடியாது?

பழைய கதை என்றதும் பழைய பாறையில் தேடலாமே என்று தோன்றும். கிருஷ்ணகிரி பாறைகள் பழையவைதான், ஆனால் தேவைக்கு மேல் பழையவை. கிரானைட் என்று வெட்டி விற்கப்படும் இந்தப் பகுதிப் பாறைகள் பலவற்றின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அப்போது பூமியில் நுண்ணுயிர்கள் மட்டுமே இருந்தன. எலும்பு என்ற ஒன்றே கிடையாது.

ஆகவே ஆதாரம் தேடி வெளிநாடு போக வேண்டியிருக்கிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் ஜாகின்ஸ் என்ற கடலோர ஊர். அங்கே மக்கிய மரத்தின் அடிக்கட்டைகளுக்குள் சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள, பார்க்கப் பல்லி போன்ற ஒரு விலங்கின் எலும்புகள் கிடைத்தன. பெயர் ஹைலோனோமஸ். வயது சுமார் 31.8 கோடி ஆண்டுகள். ரொம்ப காலமாக 'உலகின் முதல் ஊர்வன' என்று பள்ளிப் பாடங்களில் சொல்லப்பட்டது இதைத்தான்.

2025 மே மாதம் அந்தக் கணக்கு மாறியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மான்ஸ்ஃபீல்டு அருகே கிடைத்த ஒரு கல் பலகையில், சுமார் 35.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பதிந்த காலடித் தடங்கள் இருப்பதாக 'நேச்சர்' இதழில் ஆய்வுக் கட்டுரை வெளியானது. தடங்களின் விரல் நுனிகளில் நகக் கீறல்கள் தெளிவாகத் தெரிந்தன. தவளை வகைகளுக்குப் பொதுவாக இப்படிப்பட்ட நகம் கிடையாது. நகம் இருந்தால் அது ஊர்வன வழிக் குடும்பம் என்பதற்கு வலுவான அடையாளம். மீன் மாதிரி உடலும் கால் மாதிரி துடுப்பும் கொண்ட டிக்டாலிக் வாழ்ந்தது சுமார் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதற்குப் பிறகு நடந்த மாற்றம் நினைத்ததை விட ரொம்பவே வேகமாக நடந்திருக்கிறது.

தண்ணீரை முட்டைக்குள் கட்டிக்கொண்டு வந்தவை

கரையேற கால் மட்டும் போதாது. தவளைக்குத்தான் கால் இருக்கிறதே! பிரச்சினை முட்டையில் இருந்தது.

தவளை முட்டைக்கு ஓடு கிடையாது. ஜவ்வரிசிக் கூழ் மாதிரி ஒரு வழவழப்பு, நடுவில் கரும்புள்ளி, அவ்வளவுதான். வெளியே வைத்தால் சில மணி நேரத்தில் காய்ந்து போகும். அதிலிருந்து வரும் தலைப்பிரட்டைக்கும் செவுள்தான் இருக்கும், அதனால் தண்ணீர் இல்லாமல் முடியாது. (எல்லாத் தவளைக்கும் இந்த விதி பொருந்தாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த் தவளைகள் சில ஈர இலையிலேயே முட்டையிட்டு, தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் குட்டித் தவளையாகப் பொரிந்து வரும். ஆனால் அந்த ஈரம் அவசியம்.)

ஓணான் வகையறா செய்த மாற்றம் எளிமையானது. குட்டையைத் தேடிப் போவதற்குப் பதில், ஒரு சின்னக் குட்டையையே முட்டைக்குள் வைத்துவிட்டன.

இதைப் புரிந்துகொள்ள காட்டுக்குப் போக வேண்டாம், கையில் ஒரு கோழி முட்டை போதும். நாமக்கல்லிலிருந்து லாரி ஏறி வரும் அதே முட்டைதான். கடையில் வாங்கும் முட்டையில் கரு வளராது. அடை வைத்த முட்டையில்தான் வளரும். அப்படி வளரத் தொடங்கியதும் உள்ளே நான்கு சவ்வுகள் உருவாகின்றன. மஞ்சள் கருவைச் சுற்றி ஒன்று, அது சாப்பாட்டு மூட்டை. கருவைச் சுற்றி நீர் நிரம்பிய பை ஒன்று. கழிவைச் சேர்த்து வைக்க மூன்றாவது பை. இவை எல்லாவற்றையும் மொத்தமாகப் போர்த்தியபடி ஓட்டை ஒட்டி நான்காவது சவ்வு. மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்து கருவுக்கு நுரையீரல் வேலையும் பார்க்கின்றன. ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண் துளைகள் வழியாக ஆக்சிஜன் உள்ளே வரும், கரியமில வாயு வெளியே போகும். வேகவைத்த முட்டையை உரிக்கும்போது தடித்த முனையில் ஒரு பள்ளம் தெரியும் இல்லையா? அது முட்டைக்குள் புகுந்த காற்று தங்கிய இடம்.

அந்த நான்கில் இரண்டாவதாகச் சொன்ன நீர்ப் பைக்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு தமிழ்ப் பெயர் உண்டு: பனிக்குடம்.

ஆமாம், பிரசவ வார்டில் 'பனிக்குடம் உடைஞ்சிருச்சு' என்று சொல்கிறார்களே, அதே பனிக்குடம். ஓணான் முட்டைக்குள் கருவைச் சுற்றியிருப்பதும், கோழிக்குஞ்சைச் சுற்றியிருப்பதும், ஒன்பது மாதம் நம்மைச் சுற்றியிருந்ததும் ஒரே முன்னோரிடமிருந்து வந்த ஒரே ஏற்பாடு. அதனால்தான் ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள் மூன்றையும் சேர்த்து உயிரியலில் 'பனிக்குடமுடையவை' என்கிறார்கள். ஓசூர் என்றாலே செய்திகளில் யானைதான். ஏறக்குறைய 22 மாதம் தாயின் வயிற்றில் இருக்கும் அந்த யானைக் குட்டியும் இதே குடத்துக்குள்தான் வளர்கிறது. நம் விஷயத்தில் ஓடு மறைந்துவிட்டது, வெளிச்சவ்வு நஞ்சுக்கொடிக்கான பகுதியாக மாறிவிட்டது, கழிவுப் பையின் ரத்தக் குழாய்கள் தொப்புள்கொடிக்குப் போய்விட்டன. பழைய சாமான்களை வைத்தே புதுவீடு கட்டிய மாதிரி.

ஓடு வந்ததால் இன்னொரு மாற்றமும் கட்டாயமானது. தவளையில் பெண் முட்டையிட, ஆண் வெளியிலேயே அதன் மேல் விந்தைத் தெளித்துவிடும். ஓடு மூடிய பிறகு அது நடக்காது. ஆகவே கருத்தரிப்பு தாயின் உடலுக்குள்ளேயே முடிந்தாக வேண்டும்.

முட்டையே போடாத பாம்பு

'பாம்பு என்றால் முட்டை போடும்' என்பது பாதிதான் சரி. நாகமும் சாரையும் முட்டையிடும். கண்ணாடி விரியன் குட்டி போடும், அதுவும் ஒரே ஈற்றில் 20 முதல் 40 வரை சாதாரணம். முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே தங்கி வளர்ந்து, மெல்லிய சவ்வுப் பைக்குள் குட்டியாக வெளியே வரும். வந்த சில நிமிடங்களில் சவ்வைக் கிழித்துக்கொண்டு நகர்ந்துவிடும்.

இது வெறும் தகவல் இல்லை. இந்தியாவில் கண்ணாடி விரியன் குட்டிகள் அதிகம் பிறப்பது மே முதல் ஜூலை வரை. ஓசூர் சிப்காட்டில் ஷெட்டுக்குப் பின்னால் கிடக்கும் மரப்பலகை, பழைய இரும்பு, புல் மண்டிய காலி மனை எல்லாமே எலிக்கு வசதியான இடங்கள், ஆகவே விரியனுக்கும் வசதி. பிறந்த அன்றே குட்டிக்கு விஷம் உண்டு. 'சின்னதுதானே' என்று குச்சியால் தள்ளுவது ஆபத்து. பாம்பைக் கண்டால் தீயணைப்புத் துறை அல்லது வனத்துறையை அழைக்க வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-ஐக் கூப்பிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அறிவித்திருக்கிறது.

விரியனின் இந்தப் பழக்கம் ஆய்வாளர்களிடையே ஒரு பெரிய விவாதத்தையும் கிளப்பியிருக்கிறது. முதலில் ஓட்டு முட்டை வந்தது, குட்டி போடுவது பிறகு வந்தது என்பதுதான் பாடப்புத்தகக் கதை. சீனாவின் நான்ஜிங், பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் இதைத் தலைகீழாகப் போட்டார்கள். அந்த ஆதி முன்னோர்கள் கருவைப் பல நாள் வயிற்றிலேயே வைத்திருந்திருக்கலாம், அந்தக் கருவைப் பாதுகாக்கத்தான் சவ்வுகள் தோன்றின, கெட்டி ஓடு அப்புறம்தான் வந்தது என்பது அவர்கள் வாதம். விவாதம் இன்னும் முடியவில்லை. மெல்லிய சவ்வும் முட்டை ஓடும் கல்லாகப் படிந்து கிடைப்பது அரிது என்பதால் சீக்கிரம் முடியும் என்றும் தோன்றவில்லை.

பல்லி எச்சத்தின் வெள்ளை முனை

முட்டை பாதுகாப்பாகிவிட்டது. வளர்ந்த விலங்கு காய்ந்து போகாமல் இருப்பது எப்படி?

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் கணிசமான பங்கு தோல் வழியாகத்தான். அதற்குத் தோல் எப்போதும் ஈரமாக, மெல்லியதாக இருந்தாக வேண்டும். அந்த வசதிக்குக் கொடுக்கும் விலை என்ன தெரியுமா? தண்ணீர் உள்ளே வருவது போலவே வெளியேயும் போய்விடும், தண்ணீரில் கலந்திருப்பதும் சேர்ந்தே உள்ளே வரும். பெங்களூரு பக்கமிருந்து தென்பெண்ணையில் வரும் கழிவுநீரால் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது ஓசூர்க்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி. அப்படிப்பட்ட நீரில் முதலில் அடிபடக்கூடியவை தவளையும் அதன் தலைப்பிரட்டையும்தான். கரையில் உள்ள ஓணானுக்கு அந்த நேரடி ஆபத்து குறைவு.

ஓணானின் தோலில் செதில் இருக்கிறது. நம் நகமும் முடியும் எந்த வகைப் புரதமோ, அதே கெரட்டின் வகைதான். ஆனால் தண்ணீரைத் தடுப்பது செதில் இல்லை என்பது ஆச்சரியமான விஷயம். செதிலே இல்லாமல் பிறந்த ஒரு பாம்பை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் பார்த்தார்கள். சாதாரணப் பாம்பு இழக்கும் அளவு நீரைத்தான் அதுவும் இழந்தது. உண்மையில் நீரைப் பூட்டி வைப்பது தோலின் மேலடுக்கில் இருக்கும் கொழுப்புப் படலம். செதில் அதற்குக் கவசம் மாதிரி.

தோலை அடைத்துவிட்டால் மூச்சு? அதற்கு விலா எலும்பு உதவியது. தவளையின் தொண்டை படபடவென்று துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது காற்றை விழுங்கி உள்ளே தள்ளும் வேலை. ஊர்வன விலா எலும்பை விரித்து, நெஞ்சுக்குள் காற்றை இழுத்துக்கொள்கின்றன. நாமும் அப்படித்தான். நெஞ்சால் மூச்சு விடத் தெரிந்த பிறகு ஈரத்தோலின் தயவு தேவைப்படவில்லை.

கடைசியாக சிறுநீர். வீட்டுச் சுவரோரம் கிடக்கும் பல்லி எச்சத்தை எல்லோரும் துடைத்திருப்போம். கறுப்பாக இருக்கும், ஒரு முனையில் மட்டும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கும். அந்த வெள்ளைதான் பல்லியின் சிறுநீர். உடலில் புரதம் செரித்ததும் மிஞ்சும் நைட்ரஜன் கழிவு நஞ்சு. தலைப்பிரட்டை அதை அம்மோனியாவாகத் தண்ணீரில் கரைத்து விட்டுவிடும். நாம் யூரியாவாக மாற்றி, தண்ணீரோடு வெளியேற்றுகிறோம். பல்லியும் ஓணானும் அதை யூரிக் அமிலமாக்கி, கிட்டத்தட்டத் தண்ணீரே இல்லாத பசையாக வெளியே தள்ளுகின்றன. மூடிய முட்டைக்குள் இருக்கும் கருவுக்கும் இதுதான் கைகொடுக்கிறது. கரையாத கழிவு என்பதால் ஒரு மூலையில் கிடக்கும், கருவை நஞ்சாக்காது.

பாறைதான் அடுப்பு

மறுபடி அந்தக் குன்றுக்கு வருவோம். ஓணான் வெயிலில் உட்கார்ந்திருப்பது சோம்பலால் இல்லை. அதன் உடல் தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்வது ரொம்பக் குறைவு. பாறையும் வெயிலும்தான் அதன் அடுப்பு. காலையில் காய்ந்து சூடேற்றிக்கொள்ளும், உச்சி வெயிலில் இடுக்குக்குள் போய்விடும். சூட்டுக்காகச் சாப்பிட வேண்டியதில்லை என்பதால், அதே எடையுள்ள எலிக்குத் தேவையான உணவில் பத்தில் ஒரு பங்கு போல இருந்தாலே காலத்தை ஓட்டிவிடும். புல் காய்ந்து பூச்சி அருகிப்போகும் கோடையிலும் மொட்டைப் பாறையில் அது பிழைப்பதன் ரகசியம் இது.

தென்னிந்தியப் பாறை ஓணான்களைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மரியா தாக்கரின் குழு பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. ஆண் ஓணான் எதிரியைப் பார்க்கும்போது ஒரு நிறம், பெண்ணைப் பார்க்கும்போது வேறு நிறம் என்று மேனியை மாற்றிக்கொள்ளும். அவர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வு ஓசூர் மாதிரி ஊர்களுக்குப் பொருத்தமானது. தப்பித்து ஒளிய எந்தப் பதுங்கிடம் பாதுகாப்பானது என்று கற்றுக்கொள்ளும் சோதனையில், கிராமப்புற ஓணான்களை விட நகர விளிம்பில் வாழும் ஓணான்கள் வேகமாகக் கற்றன, குறைவாகத் தவறு செய்தன. கட்டடமும் வண்டியும் பெருகும் இடத்தில் பிழைக்க அவற்றுக்குக் கூடுதல் சாமர்த்தியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பாறையே போய்விட்டால் சாமர்த்தியம் எதற்கு உதவும்? கிரானைட்டுக்காக ஒரு குன்றை வெட்டி எடுக்கும்போது, அடுப்பும் ஒளியும் இடுக்கும் சேர்ந்தேதான் லாரியில் போகின்றன. அடிவார மண்ணில் புதைத்து வைத்த முட்டைக்கும் அதே கதிதான்.

காவிரிக்குத் திரும்பிப் போனவை

கரையேறிய பிறகு சில ஊர்வன மறுபடி தண்ணீருக்கே போய்விட்டன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அவற்றைப் பார்க்க அஞ்செட்டி வழியாகக் காவிரிக் கரைக்குப் போக வேண்டும். கர்நாடகத்திலிருந்து வரும் தண்ணீரை மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் பிலிகுண்டுலு அங்கேதான் இருக்கிறது. டிவியில் 'பிலிகுண்டுலுவில் நீர்வரத்து இத்தனை ஆயிரம் கனஅடி' என்று ஓடுமே, அந்த இடம். இந்த ஆற்றோரக் காட்டையும் சேர்த்து, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் அறிவித்தது. அப்போது முக்கியமாகச் சொல்லப்பட்ட விலங்குகளில் இரண்டு ஊர்வன: சதுப்புநில முதலை, லெய்த் மென்ஓட்டு ஆமை.

முதலை நாளில் பெரும்பகுதியைத் தண்ணீரில் கழிக்கிறது. ஆமையோ இன்னும் அதிகம். ஆனால் முட்டை என்று வரும்போது இரண்டுமே கரைக்கு ஏறி வந்துதான் ஆக வேண்டும், விதிவிலக்கே இல்லை. ஏன்?

அந்த நுண் துளைகளை நினைவிருக்கிறதா? முட்டை காற்றால் மூச்சு விடுகிறது. தண்ணீரில் மூழ்கினால் துளைகள் அடைபட்டு, உள்ளே கரு மூச்சுத் திணறிச் செத்துவிடும். தண்ணீரை விட்டு விலகி வாழ உருவான முட்டைக்கு இப்போது தண்ணீரே எமன். ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே சாகும் முதலைக்கும் அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் காய்ந்த, வெள்ளம் ஏறாத கரை தேவை. (மென்ஓட்டு ஆமைக்கு முதுகு ஓடுதான் மென்மை, முட்டை ஓடு கெட்டியானது.)

சதுப்புநில முதலை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மேடான கரையில் குழி தோண்டி 25, 30 முட்டைகள் இட்டு மூடும். பொரிக்க சுமார் இரண்டு மாதம், அதற்கு மேலும் ஆகலாம். கணக்குப் போட்டால் தென்மேற்குப் பருவமழையில் காவிரி பொங்குவதற்குச் சற்று முன்பு குட்டிகள் வெளியே வந்துவிட வேண்டும். இந்த இடைவெளி ரொம்பக் குறுகியது. அந்த மாதங்களில் கரை மணலை அள்ளினால், மாடுகள் மிதித்தால், ஆறு முன்கூட்டியே ஏறினால் அந்த வருட ஈடு மொத்தமும் போச்சு.

மணலுக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. முதலைக் கருவுக்கு ஆண், பெண் என்று தீர்மானிக்கும் குரோமோசோம் கிடையாது. கூட்டின் சூடுதான் அதைத் தீர்மானிக்கிறது. இதைச் சதுப்புநில முதலையில் கண்டறிந்தது தமிழ்நாட்டிலேயே, மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையில். ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் மூவரும் 1989-ல் வெளியிட்ட முடிவு இது: 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை வைத்த முட்டைகளில் எல்லாமே பெண் குட்டிகள். 32.5 டிகிரியில் ஆண் குட்டிகள். இடையில் ஒன்றரை டிகிரிதான். மரம் வெட்டப்பட்ட கரைக்கும் நிழலுள்ள கரைக்கும் இடையே இதை விட அதிக வித்தியாசம் இருக்கும்.

லெய்த் ஆமையின் நிலைமை இன்னும் மோசம். தீபகற்ப இந்தியாவின் ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இந்த இனத்தை, சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மிக அதிக அழிவு அபாயப் பட்டியலில் வைத்திருக்கிறது. இறைச்சிக்காகப் பிடிப்பது ஒரு காரணம், ஆற்றுக் கரைகள் மாறிப்போவது இன்னொன்று.

பொரிக்கும் நாள் வந்ததும் முதலைக் குட்டிகள் முட்டைக்குள் இருந்தபடியே குரல் கொடுக்கும். மேலே காத்திருக்கும் தாய்க்கு அது கேட்கும். கெட்டிப்பட்ட மண்ணைத் தோண்டி, குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி ஆற்றில் கொண்டுபோய் விடும். ஆண் முதலையும் இந்த வேலையில் கூடவே நிற்பதை வடநெம்மேலியில் பதிவு செய்திருக்கிறார்கள். உடைந்த ஓடுகள் மட்டும் குழியில் கிடக்கும், உள்பக்கம் ரத்தக் குழாய்கள் ஓடிய சவ்வு ஒட்டியபடி.